பிரித்தானியாவில் பார்மசி படிப்புக்கான நேர்முகத் தேர்வு: எங்களுக்கு நடந்தவை

இரண்டாம் ஆண்டு மாணவி:

"மருத்துவத்துக்கு விண்ணப்பிக்காமல் பார்மசிக்கு ஏன் வந்தீர்கள்?" என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. நம் வீடுகளில் பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறோம். ஆனால் வீட்டில் சொல்லிச் சமாளிக்கும் பதில் அங்கே செல்லாது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் மூலம் விண்ணப்பிக்கும் ஐந்து இடங்களில் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குக் கொடுக்க முடியும் என்பதால், ஐந்தாவது இடத்தில் பார்மசியைப் போட்டுவைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் தேர்வு நடத்துபவர்களுக்குத் தெரியாவிட்டாலும், இந்தப் படிப்பை மனமார விரும்பி வந்திருக்கிறோமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் முனைகிறார்கள்.

நான் சனிக்கிழமைகளில் வேலை செய்த மருந்துக்கடையில் கண்ட ஒன்றைச் சொன்னேன். மூட்டுவாதத்துக்கு மருந்தெடுக்கும் ஒரு மூதாட்டியின் மருந்துச்சீட்டில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் எடுக்குமாறு இருந்தது. அந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து; தினமும் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். எங்கள் மருந்தாளுநர் மாத்திரைப் பெட்டியைக் கையில் எடுக்கவே இல்லை. மூதாட்டியை உட்காரவைத்து, இதுவரை எந்தக் கிழமையில் எடுத்துவந்தார் என்று கேட்டறிந்து, சர்ஜரிக்கு, அதாவது குடும்ப மருத்துவரின் நிலையத்துக்கு, தொலைபேசியில் பேசிச் சீட்டைத் திருத்த வைத்தார். அவர் செய்த அந்த வேலையைத்தான் நானும் செய்ய விரும்புகிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர்கள் துருவவில்லை.

எனக்கு ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் சுமார் ஆறு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். எம்.எம்.ஐ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கணக்கு அறையில் தந்த ஒரு வினா இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அமோக்சிசிலின் 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். கையிலிருக்கும் திரவ மருந்தில் 5 மில்லிலீட்டருக்கு 125 மில்லிகிராம். 100 மில்லிலீட்டர் போத்தல்கள் எத்தனை வேண்டும்? ஒரு வேளைக்கு 10 மில்லிலீட்டர், மொத்தம் 210. கணக்கு எளிதுதான், ஆனால் அவசரத்தில் இரண்டு போத்தல் என்று எழுதிவிட்டால் கடைசி நாளின் ஒரு வேளைக்கு மருந்து இல்லாமல் போய்விடும். மூன்று என்று எழுதிய பிறகும், ஏன் மூன்று என்பதை வாயால் விளக்கச் சொன்னார்கள். ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போது கணக்கைச் சத்தமாகச் சொல்லிச் செய்து பாருங்கள்.

என்னை மிகவும் சோதித்தது நடிகர் இருந்த அறைதான். அண்டை வீட்டுக்காரருக்காக மருந்து வாங்க வந்த பெண்ணாக அவர் நடித்தார். பையை வாங்கிக்கொண்டு, "பாவம், அவருக்கு என்ன வருத்தம்? இது எதற்குக் கொடுக்கிற மருந்து?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். எனக்கு அந்த மருந்து தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தும்விட்டேன். பிறகுதான் அது அந்த நோயாளி மட்டுமே சொல்ல வேண்டிய விஷயம் என்பது உறைத்தது. அவருடைய விவரத்தை அவர் அனுமதியில்லாமல் சொல்ல முடியாது, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்கு மருந்து பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் எங்களை அழைக்கச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் கோபப்பட்டார், குரலையும் உயர்த்தினார். நான் விட்டுக்கொடுக்காமல், அதே நேரம் முகம் சுளிக்காமல் நிற்க வேண்டியிருந்த அந்த இரண்டு நிமிடங்கள் மிக நீண்டவையாக இருந்தன. இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் மூன்று வாரத்தில் வந்தது.

முதலாம் ஆண்டு மாணவன்:

அக்காவின் பதிவுக்கு நன்றி. என்னுடையது இணையவழியில், இரண்டு பேர் முன்னிலையில் நடந்தது. பார்மசித் துறையில் அண்மையில் வந்த மாற்றம் ஒன்றைக் கேட்டார்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தைச் சொன்னேன். தொண்டைவலி, காதுவலி, அக்கி, பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு, மருத்துவரைப் பார்க்காமலேயே மருந்தாளுநர் சிகிச்சை தரலாம் என்பது வரை மனப்பாடமாக வந்தது. "அப்படியானால் தொண்டைவலி என்று வருகிற எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடலாமா?" என்று அடுத்து கேட்டபோதுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன். பெரும்பாலான தொண்டைவலி வைரஸால் வருவது, தேவையில்லாமல் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். செய்தியைப் படித்தால் போதாது, அதற்கு அடுத்த கேள்வியையும் நீங்களே உங்களிடம் கேட்டு வையுங்கள்.

மருந்தாளுநர், தேர்வுக் குழுவில் இருந்தவர்:

தங்கை, தம்பி இருவரும் சொன்னவற்றோடு மேசையின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பார்மசி கல்வியை ஒழுங்குபடுத்தும் ஜி.பி.எச்.சி. 2021இல் வெளியிட்ட தரநிலைகளின்படி, பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் பார்த்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. கணக்குத் திறனையும், பிறரோடு பழகும் விதத்தையும் சோதித்தாக வேண்டும். 2026 முதல், படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்துப் பதிவு பெறுபவர்கள் அன்றே மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையோடு வெளிவருகிறார்கள். நாளை கையெழுத்திடப் போகும் ஒருவரைத்தான் நாங்கள் இன்று பார்க்கிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளைக்கு நான் தயங்காமல் மதிப்பெண் கொடுப்பேன். ஊகித்துச் சொல்பவரைக் கண்டால் எனக்குப் பயம்.

நம் பிள்ளைகளிடம் நான் காணும் குறை ஒன்று உண்டு. அனுபவம் என்றதும் கடையில் வேலை செய்ததையும் மருத்துவமனையில் தொண்டு செய்ததையும் மட்டுமே சொல்கிறார்கள். சிறு வயதிலிருந்து அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளராக மருந்துக்கடைக்கும் சர்ஜரிக்கும் போய்வந்ததை ஒருவரும் சொல்வதில்லை. அதைக் குடும்பக் கடமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் சொன்னார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தன் அம்மம்மாவின் மருந்துப் பெட்டிகளில், காலைக்கு உரியதில் சூரியனையும் இரவுக்கு உரியதில் பிறையையும் பேனாவால் வரைந்து வைத்ததாகவும், ஒரு மாதம் பெட்டியின் நிறம் மாறி வந்தபோது அம்மம்மா பயந்து மாத்திரையே எடுக்காமல் இருந்ததைக் கண்டுபிடித்து, அதன்பின் ஒவ்வொரு மாதமும் புதுப் பெட்டிகளைப் பழையவற்றோடு வைத்து ஒப்பிட்ட பிறகே வரைவதாகவும் சொன்னார். அந்தக் கேள்விக்கு அவருக்கு முழு மதிப்பெண் இட்டேன்.