தேய்படலமா, மக்கும் படலமா?

அன்புள்ள நண்பர்களே,

உயர்தர வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை ஹற்றனில் அச்சுக்குப் போகிறது. உடலுக்குள் மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொண்டே தானும் இல்லாமற்போகும் பல்பகுதியப் (பொலிமர்) படலத்துக்கு மட்டும் பெயர் இன்னும் அமையவில்லை.

'மக்கும் படலம்' போதும் என்கிறீர்கள் பெரும்பாலோர். பண்டாரவளை டீச்சர் சொன்ன காரணம் வலுவானது. கவாத்து வெட்டிய மலையில் மிலாறை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளை, விறகுக்குக் கட்டிக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய இலை தேயிலைத் தூரடியில் கிடந்து கறுத்து மண்ணோடு மண்ணாவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மக்குதலை விளக்கவே தேவையில்லை. ஆனால் அங்கே வேலை செய்வது பங்கசும் பற்றீரியாவும். இலற்றிக், கிளைக்கோலிக் அமிலங்களாலான படலத்தை உடலுக்குள் அறுப்பது நீர். அந்த அமிலங்களைக் கோக்கும் எசுத்தர்ப் பிணைப்புகள் நீர்ப்பகுப்படைந்து சங்கிலி துண்டாகிறது. மிஞ்சும் அமிலங்களும் கடைசியில் காபனீரொட்சைட்டும் நீருமாகின்றன. 'மக்கும்' என்று எழுதினால் மாணவர் உடம்புக்குள் கிருமியைத் தேடுவார். 'கரைபடலம்' அதைவிடப் பிழை. உப்பு கரைந்தாலும் உப்புத்தான். இங்கே மூலக்கூறே உடைகிறது.

மக்கு என்பது மட்கு என்பதன் திரிபு, மட்குதலுக்கு ஒளி மழுங்குதல் என்றும் பொருள் உண்டு என்று யாழ்ப்பாணத்து ஐயா எழுதிய நீண்ட மடலை விரும்பிப் படித்தேன். அது நுண்ணுயிர்ச் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஐயா. உங்கள் 'நீர்ச்சிதை படலம்' தூய சொல்தான். ஆனால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான ஈறுப் பைக்குள் செருகும் குளோரெக்சிடின் என்ற கிருமிகொல்லி வில்லை ஜெலற்றினால் ஆனது. 7 முதல் 10 நாளில் அதை அழிப்பது நொதியம் (என்சைம்). நீர் என்று பெயரிலேயே கட்டிவிட்டால் அது வெளியே நின்றுவிடும். சிதை என்றதும் சுடுகாடு நினைவுக்கு வருவதையும் நோயாளிக்கான துண்டுப்பிரசுரம் எழுதுபவர் யோசிக்க வேண்டும்.

என் வாக்கு தேய்படலத்துக்கு. தேய்பிறை போல வினைத்தொகை. வலி மிகாது, தயவுசெய்து 'தேய்ப்படலம்' என்று திருத்தாதீர்கள். தேய்தல் மேற்பரப்பில் மட்டுமே நடப்பது என்கிறார் பேராதனைத் தம்பி. மூளைக்கட்டிக்கென 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்மசுட்டின் என்ற புற்றுநோய் மருந்து வில்லைக்கு அது பொருந்தும், அது வெளிப்புறத்திலிருந்தே குறைகிறது. எசுத்தர்ப் படலமோ உள்ளும் புறமும் ஒருசேர உடைகிறது, ஆகவே பெயர் பாதிக்குத்தான் என்பது அவர் வாதம். தம்பி, காய்ச்சலில் ஆள் தேய்ந்துபோனான் என்கிறோமே, தோல் மட்டுமா தேய்ந்தது? கண்ணீரைச் 'செல்வத்தைத் தேய்க்கும் படை' என்றார் வள்ளுவர். செல்வத்துக்கு மேற்பரப்பு ஏது? வேறுபாட்டை மேற்பரப்புத் தேய்வு, முழுமைத் தேய்வு என்று உள்ளே பிரித்துக்கொள்ளலாம்.

மருந்து வெளிவருவதற்கு 'அளந்துவிடல்' அழகான சொல். ஆனால் பொய் அடிப்பவனை அளந்துவிடுகிறான் என்பது எங்கள் பேச்சு, வகுப்பே சிரிக்கும். 'விடுவிப்பு' என்றால் இந்நாட்டில் சிறைதான் முதலில் நினைவுக்கு வரும். 'விடுகை' அப்படியல்ல, பள்ளியை விட்டு விலகும்போது தரும் விடுகைப் பத்திரம் எல்லாப் பிள்ளையும் அறிந்தது. 'கட்டுப்படுத்திய விடுகை' என்றே வைக்கிறேன்.

வியாழன் இரவுவரை பெரும்பான்மை மாறாவிட்டால் தலைப்பில் 'மக்கும் படலம்' என்றே போடுவேன். அடியில் 'நுண்ணுயிரால் அன்று. நீராலும் உடலின் நொதியத்தாலும்' என்ற வரி கட்டாயம் இருக்கும், அடைப்புக்குறிக்குள் தேய்படலமும் இருக்கும். அந்த அடைப்புக்குறியை எடுக்கச் சொல்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.