கிரீன் ஓரத்து பங்க்கர்: எந்த மணலில் உங்களுக்கு எது கைகொடுத்தது?

கிண்டி காற்று:

யூடியூபில் கோல்ஃப் பங்க்கர் ஷாட் (குழி இருக்கும் புல்தரையான கிரீனின் ஓரத்து மணல் பள்ளத்திலிருந்து பந்தை வெளியே எடுப்பது) சொல்லித் தருகிற எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். கிளப் (மட்டை) முகத்தை வானம் பார்க்கத் திற, பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கட்டும், பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கு, பயப்படாமல் ஸ்விங்கை முழுசாக முடி. பங்குனி வெயிலில் எங்கள் கோர்ஸில் இது அப்படியே பலிக்கிறது. ஐப்பசி மழை வந்துவிட்டால் போச்சு. அதே ஸ்விங், அதே 56 டிகிரி சாய்வு சாண்ட் வெட்ஜ், பந்து மட்டும் கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்க பங்க்கரில் போய் உட்காருகிறது. எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இதே கதை. அதனால் பொதுவான டிப்ஸ் வேண்டாம். எந்த ஊர், என்ன மாதிரி மணல், என்ன நடந்தது, இதை எழுதுங்கள்.

பழைய கேடி:

சார், சின்ன வயசுல பை தூக்க ஆரம்பிச்சவன் நான். இப்ப புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். நீங்க சொல்ற கோளாறு கைல இல்ல, கிளப்போட அடிப்பாகத்துல இருக்கு.

சாண்ட் வெட்ஜைத் தலைகீழாப் புடிச்சுப் பாருங்க. முன் விளிம்பை விடப் பின்பக்கம் கொஞ்சம் தொங்கலா இருக்கும். அதுதான் பவுன்ஸ். 56 டிகிரி கிளப்புல 10, 12, 14-னு நம்பர் போட்டிருப்பான். பொலபொலன்னு இருக்கற மண்ணுல அந்தத் தொங்கல்தான் கிளப்பைப் புதைய விடாம வழுக்கிட்டுப் போக வைக்கும். கல்லுல இருந்து தோசை எடுக்கறப்ப திருப்பி தோசைய அடிக்குதா? அடியில போகுது, தோசை தானா மேல வருது. பந்தும் அப்படித்தான் வரணும்.

மழை மண்ணு வேற ஜாதி. மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும். ஒரு விரக்கடை கீழ போனா ஈரம், அதுக்குக் கீழ தரை மாதிரி கெட்டி. அங்க அந்தத் தொங்கல் மண்ணுல மோதி எகிறும். முன் விளிம்பு நேரா பந்து வயித்துல போய் இடிக்கும். எதிர்ப்பக்க பங்க்கருக்குப் பறக்கறது அதனாலதான்.

கையால தொட்டுப் பாக்கக் கூடாது, ரூல். காலுக்குத் தடை இல்ல. நிக்கறப்ப ரெண்டு காலையும் அசைச்சு உள்ள புதைப்போமே, அப்பவே பாதம் சொல்லிடும். ஷூ சுலபமா இறங்குச்சுன்னா முகத்தைத் தாராளமாத் திறங்க. கரகரன்னு நின்னுடுச்சுன்னா திறக்காதீங்க. பவுன்ஸ் கம்மியா இருக்கற கிளப்பை எடுங்க. 60 டிகிரியில 6, 8-னு போட்டது இருந்தா அது, இல்லன்னா சாய்வு கம்மியான பிட்சிங் வெட்ஜ். பந்தைக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டு வாங்க, ஒரு அங்குலம் பின்னாடி மண்ண எடுத்தா போதும், ஸ்விங்கும் சின்னதா. பந்து தாழ்வா வந்து ஓடும். அந்த ஓட்டத்துக்கு இடம் விட்டுப் போடணும்.

ஒரு சார் இருந்தாரு, பேரு வேண்டாம். பங்க்கர்ல சாண்ட் வெட்ஜைத் தவிர வேற எடுத்தா கௌரவக் குறைச்சல்னு நினைப்பாரு. கார்த்திகை மாசம் ஒரு மேட்ச்ல, நான் பிட்சிங் வெட்ஜை நீட்டினதும் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அடிச்சாரு. பந்து முழங்கால் உயரத்துல வெளிய வந்து உருண்டு உருண்டு கொடிக்கம்பு பக்கத்துலயே நின்னுச்சு. எதிராளி அடுத்த அடி குழியில விழுந்ததா வச்சு "எடுத்துக்கோ"ன்னு விட்டுக் குடுத்துட்டாரு. சாயங்காலம் கிளப்ல அவரு அதைத் தன்னோட யோசனையாத்தான் சொல்லிட்டிருந்தாரு. பரவால்ல, டிப்ஸ் நல்லாக் குடுத்தாரு.

பெங்களூர் வாசி:

கேடி அண்ணே சொன்னது நூற்றுக்கு நூறு. மழை பெய்யாமலே அந்த நிலைமை வரும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். இங்கே நான் ஆடும் ஒரு கோர்ஸில் சில பங்க்கர்களில் எம்-சாண்ட் போட்டிருக்கிறார்கள். பாறையை உடைத்துச் செய்கிற மணல் என்பதால் துகள்களுக்கு முனை இருக்கும், ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். அதனால் பந்து புதையாமல் மேலேயே உட்காரும். பார்க்க அழகு, ஆனால் கிளப் எகிறும் ஆபத்து அதிகம். ஆற்று மணல் உருண்டை. அது நகர்ந்து இடம் விடுவதால் உயரத்திலிருந்து விழும் பந்து பாதி புதைந்து, சுற்றி ஒரு குழிவட்டத்தோடு கிடக்கும்.

புதைந்த பந்துக்குத் திறந்த முகம் உதவாது. அது மேலோட்டமாகச் சறுக்கிக்கொண்டு போய்விடும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். முகத்தை நேராக்கி, அல்லது சற்றே மூடி, பந்துக்குப் பின்னால் செங்குத்தாக இறக்கி அங்கேயே விட்டுவிட வேண்டும். ஃபாலோ த்ரூ தேவையில்லை. பந்தில் சுழற்சியே இருக்காது, கிரீனில் இறங்கியதும் ஓடும். அதை நிறுத்த ஆசைப்படுகிறவர்கள்தான் இரண்டாம் முறையும் உள்ளேயே நிற்கிறார்கள்.

டண்டீ தமிழன்:

ஸ்காட்லாந்திலிருந்து. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நாயோடு நடக்க வருவார்கள். 17-ஆம் குழியின் ரோட் பங்க்கரை அப்படித்தான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். டிவியில் தெரிவதைவிட நேரில் இன்னும் ஆழம். புல் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர் கிட்டத்தட்ட நேராக எழுகிறது. சுவரை ஒட்டிப் பந்து கிடந்தால் கிரீன் பக்கம் அடிக்க வழியே இல்லை. பக்கவாட்டிலோ பின்பக்கமோ அடித்து வெளியே வர வேண்டியதுதான். 1978-இல் இங்கே நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் டாமி நகஜிமா கிரீனில் இருந்து புட் செய்த (குழியை நோக்கி உருட்டிய) பந்து இதற்குள் விழுந்து, வெளியே வர நாலு ஷாட் ஆனது. அந்தக் குழியில் அவருக்கு மொத்தம் 9 ஷாட். டைகர் உட்ஸ் 2000-இல் இங்கே ஜெயித்தபோது நாலு ரவுண்டிலும் ஒரு பங்க்கரில்கூட விழவில்லை. பங்க்கர் ஷாட்டில் அதைவிட நல்ல டெக்னிக் எனக்குத் தெரியாது!

பவுன்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால்: அந்தத் தொங்கலைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன். கிளப்பின் அடியில் ஈயப்பற்று வைத்துக் கனமாக்கி, 1932-இல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் கோர்ஸில் நடந்த ஓப்பனை அதோடு ஜெயித்தார்.

ஏழாம் இரும்பு:

ரிட்டையர் ஆன பிறகு ஆட ஆரம்பித்தவள். என் கைக்கு வலு கம்மி, பங்க்கருக்கு வலு வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். எங்கள் கோச் பயிற்சி பங்க்கரில் பந்தே வைக்கவில்லை. ரேக் (மணலைச் சமன் செய்யும் வாரி) பிடியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து நின்று, கோட்டிலிருந்தே மணலை எடுத்து கிரீனில் தூவ வேண்டும். ஒவ்வொன்றாக நகர்ந்து கோட்டின் கடைசி வரைக்கும். திரும்பிப் பார்த்தால் முதலில் விழுந்த பள்ளங்கள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் ஆரம்பித்திருந்தன. எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தமாம். இடது காலில் சாய்ந்து நின்று அங்கேயே ஊன்றியதும் பள்ளங்கள் கோட்டுக்கு வந்துவிட்டன. அப்புறம்தான் பந்து வைத்தார்.

இன்னொன்று. முகத்தைத் திறந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கிற நேரத்தில் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு இதை நான் சொன்னால் ஏறாது, கேடி சொன்னால் ஏறும்.

விதிப்புத்தகம்:

கேடி அண்ணே சொன்ன கால் விஷயம் சரி. நிற்பதற்காகக் காலை ஊன்றலாம். மணலைச் சோதிக்கக் கையோ கிளப்போ ரேக்கோ வைக்கக் கூடாது. பந்துக்கு முன்னும் பின்னும், பிராக்டிஸ் ஸ்விங்கிலும், பேக்ஸ்விங்கிலும் கிளப் மணலைத் தொட்டால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த ஷாட்களை எண்ணும் ஆட்டத்தில்) இரண்டு ஷாட் அபராதம். 2010 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில், டஸ்டின் ஜான்சன் கடைசிக் குழியில் ஜனங்கள் மிதித்த வெறும் மண் என்று நினைத்து கிளப்பை ஊன்றினார். அது பங்க்கர். அந்த இரண்டு ஷாட் அபராதத்தில் பிளே-ஆஃப் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம்) வாய்ப்பே போனது.

2019-லிருந்து சருகு, கல் இவற்றை எடுத்துவிடலாம், எடுக்கும்போது பந்து நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடவே முடியாத நிலை என்றால் இரண்டு ஷாட் அபராதத்தோடு பங்க்கருக்கு வெளியே, கொடிக்கம்புக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில் பின்னால் போய் டிராப் எடுக்கலாம் (பந்தைக் கையால் கீழே விட்டு ஆடலாம்). டண்டீ நண்பர் சொன்ன சுவர் மாதிரி இடங்களில் இது லாபம்.

கிண்டி காற்று:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மழை விட்டதும் போனோம். கால் கரகரத்தது, பிட்சிங் வெட்ஜ் எடுத்தேன், பந்து தாழ்வாக வந்து கிரீன் நடுவில் நின்றது. இன்னொரு சந்தேகம் அண்ணே: பங்க்கரின் பின் ஓரத்தில், இறங்கு சரிவில் பந்து நின்றால்?

பழைய கேடி:

அதுதான் சார் இருக்கறதுலயே கஷ்டமானது. தோளைச் சரிவோட சேத்துச் சாய்ங்க, எடை முழுக்க கீழ்க்காலுல. கிளப்பை மேல செங்குத்தாத் தூக்கி, சரிவோடயே கீழ வரைக்கும் ஓட விடுங்க. பந்தைத் தூக்கி விடணும்னு நடுவுல நிமிர்ந்தீங்கன்னா பந்தோட தலையில அடிபடும், லிப்ல (பங்க்கர் விளிம்புல) போய் மோதும். தாழ்வா வரும், ரொம்ப ஓடும். கொடிக்கம்பு கிட்ட இருந்தா அதை மறந்துடுங்க, கிரீன்ல அகலமான பக்கம் எதுவோ அங்க அடிங்க. அப்புறம் ரேக் பண்ணிட்டு வாங்க, உங்க பின்னாடி வர்ற செட்டு என்னைத்தான் திட்டும்.