மீன் தொட்டில நத்தை மட்டும் வரிசையா சாகுது, தண்ணி டீ கலர்ல இருக்கு, என்ன பண்றது?

தாம்பரம்_கப்பி:
எல்லாருக்கும் வணக்கம். 2 அடி தொட்டி, சுமார் 50 லிட்டர் தண்ணி நிக்கும், 5 மாசமா நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, உள்ள 12 கப்பி மீன், 4 ஆப்பிள் நத்தை. அந்த பிளாஸ்டிக் கோட்டை, ஊதா கலர் கல்லு எல்லாம் பாத்து சலிச்சுப் போயி, கைக்கு கிடைச்சத வெச்சே அலங்காரம் பண்ணலாம்னு இறங்குனேன். தேங்கா சிரட்டை ரெண்டு (கப்பி குட்டி ஒளிஞ்சுக்க), பாட்டி வீட்ல உடைஞ்சு கிடந்த நாட்டு ஓடு, ஆத்தோரம் எடுத்த ஒரு வேர்க்கட்டை, ராமேஸ்வரம் போனப்ப பொறுக்கின சிப்பி, அப்புறம் தனுஷ்கோடி கரைல கிடந்த ஓட்டை ஓட்டையா ஒரு வெள்ளைக் கல்லு, இன்னும் வீட்டு சாமான் ஒண்ணு ரெண்டு. 10 நாள் ஆச்சு. தண்ணி டீ டிகாக்ஷன் மாதிரி ஆயிடுச்சு, கட்டை மேல வெள்ளையா சளி மாதிரி படிஞ்சிருக்கு, 3 நத்தை போயிடுச்சு. நாலாவது நத்தை தன் ஓட்டுக்குள்ள இருந்து வெளிய வரவே மாட்டேங்குது. ஆனா கப்பி எல்லாம் ஜாலியா சுத்துது, அதான் புரியல. கட்டைய தூக்கிப் போட்டுடவா?

ரெண்டடி_ராஜா:
கட்டைய தூக்காதீங்க சகோ. டீ கலரு சிரட்டைலயும் கட்டைலயும் இருந்து இறங்குற துவர்ப்பு. நாட்டு வாதாம் இலைய ஃபைட்டர் மீன் தொட்டில போடுவாங்கல்ல, அதே சமாச்சாரம்தான், மீனுக்கு நல்லதுதான். புடிக்கலன்னா சிரட்டைய ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்தி கொதிக்க வெச்சு போடுங்க. வெள்ளை சளி புது கட்டைல எல்லாருக்கும் வரும், ரெண்டு மூணு வாரத்துல தானா போயிடும். செத்த நத்தைய உடனே எடுத்துடுங்க, உள்ள அழுகுச்சுன்னா அமோனியா ஏறி கப்பிக்கும் ஆபத்து.

கொளத்தூர்_ரசிகன்:
எனக்கு சிப்பி மேலதான் டவுட்டு. ஒரு சொட்டு வினிகர் விட்டு பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு, தண்ணில கரைஞ்சு பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) ஏத்தும்.

தாம்பரம்_கப்பி:
விட்டு பாத்தேன் ப்ரோ. சிப்பியும் வெள்ளைக் கல்லும் புஸ்ஸுனு நுரைக்குது, ஓடு நுரைக்கல. ஆனா எங்க வீட்டு போர் தண்ணி பிஹெச் முன்னாடியே 8 கிட்ட, இப்பவும் அதேதான். அமோனியா டெஸ்ட்ல 0.

தொட்டிக்கார_அண்ணன்:
பிஹெச் முன்னாடியே 8 கிட்ட இருக்குற போர் தண்ணில சிப்பி பெருசா கரையாதுமா, நத்தைக்கு ஓடு வளர சுண்ணாம்பு வேணும்தானே, அது குத்தவாளி இல்ல. அந்த ஓட்டைக் கல்லு கல்லே இல்ல, பவளம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்றது, செத்ததா இருந்தாலும் அடுத்த தடவ கரைலயே விட்டுடுங்க. சரி, "வீட்டு சாமான் ஒண்ணு ரெண்டு"ன்னு போற போக்குல சொன்னீங்களே, அது என்ன என்ன?

தாம்பரம்_கப்பி:
கோலி குண்டு ஒரு கைப்பிடி. அப்புறம் பாட்டியோட பித்தளை சொம்பு அண்ணா, சாய்ச்சு வெச்சா குகை மாதிரி அவ்ளோ அழகா இருக்கு. அழுக்கு எதுவும் இருக்கக் கூடாதுன்னு புளி போட்டு பளபளன்னு தேய்ச்சு, நல்லா கழுவிட்டுத்தான் வெச்சேன்!

தொட்டிக்கார_அண்ணன்:
மாட்டிகிச்சு. இந்த நிமிஷமே சொம்ப வெளிய எடுங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். தண்ணில கொஞ்சம் செம்பு இறங்குனாலே நத்தை, இறால் வகை எல்லாம் முதல்ல போகும், மீனு அதவிட தாக்குப் புடிக்கும், உங்க கப்பி ஜாலியா இருக்குறதுக்கு காரணம் அதான். தொட்டில நத்தை அதிகமானா கொல்றதுக்கு விக்கிற மருந்துல நெறய செம்பு மருந்துதான். இதுல நீங்க புளி போட்டு தேய்ச்சு, மேல இருந்த கருப்பையும் எடுத்து புது உலோகத்த தண்ணிக்கு காட்டிட்டீங்க. கோலி குண்டு கண்ணாடி, அது ஒண்ணும் பண்ணாது.

தாம்பரம்_கப்பி:
அண்ணா கோவிச்சுக்காதீங்க, நாங்க செம்பு பாத்திரத்துல ராத்திரி தண்ணி வெச்சு காலைல குடிக்கிறோமே, நமக்கு ஒண்ணும் ஆகலையே?

தொட்டிக்கார_அண்ணன்:
நியாயமான கேள்வி. நீங்க ஒரு டம்ளர் குடிச்சுட்டு போயிடுறீங்க, உங்க ஈரல் மிச்சத்த வெளிய தள்ளிடும். நத்தை 10 நாளா ராப்பகலா அந்த தண்ணிக்குள்ளயே கிடக்கு, செவுள் வழியா, உடம்பு தோல் வழியா ஏறுது. அவ்ளோ ஏன், ஈயம் பூசாத பித்தளைல மோரோ ரசமோ வெப்பீங்களா? களிம்பு ஏறும்னு பாட்டியே அடிக்க வருவாங்க.

கொலு_பொம்மை:
என் கதையும் கேளுங்க. கொலுவுல கை உடைஞ்ச களிமண் செட்டியார் பொம்மைய தொட்டில உக்கார வெச்சேன், ரெண்டே நாள்ல பெயிண்ட் தோல் தோலா உரிஞ்சு ஃபில்டர் அடைச்சிடுச்சு, செட்டியார் முழு மொட்டை. பெயிண்ட் அடிச்சது எதையும் நம்பாதீங்க.

தாம்பரம்_கப்பி:
சொம்பு வெளிய வந்தாச்சு. இப்ப மிச்சம் இருக்குற ஒரு நத்தைய காப்பாத்த என்ன பண்ணணும்?

ரெண்டடி_ராஜா:
நத்தைய முதல்ல தனி பக்கெட்ல, வேற நல்ல தண்ணில மாத்துங்க. தொட்டில இன்னைக்கு பாதி தண்ணி மாத்திட்டு அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கால்வாசி மாத்துங்க, ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணி சுத்தம் பண்ற கரி) போடுங்க. செம்பு மணல்லயும் போயி ஒட்டிக்கும், அதனால அவசரப்பட்டு புது நத்தை வாங்கிடாதீங்க. சொம்பு இருந்த இடத்துல சின்ன மண் சட்டிய சாய்ச்சு வைங்க, பெயிண்ட் பாலிஷ் இல்லாத வெறும் சுட்ட மண்ணா பாத்து, ஒரு நாள் ஊற வெச்சுட்டு.

தாம்பரம்_கப்பி:
3 வாரம் கழிச்சு அப்டேட். நாலாவது நத்தை பொழச்சிடுச்சு! செம்பு டெஸ்ட் கிட்ல ஒண்ணும் காட்டலன்னதும் திரும்ப தொட்டில விட்டேன், கட்டை மேல மிச்சம் இருந்த வெள்ளை சளிய அதுவே மேஞ்சு தின்னுடுச்சு. தண்ணி இன்னும் லேசா டீ கலரு, இப்ப எனக்கே அது புடிச்சுப் போச்சு. பாட்டிகிட்ட விஷயத்த சொன்னேன், நத்தை செத்ததுக்கு ஒரு வார்த்தை சொல்லல, "சொம்ப கேக்காம யாரு எடுத்தது"ன்னு திட்டு மட்டும் விழுந்துச்சு. மண் சட்டிக்குள்ள கப்பி குட்டி போட்டிருக்கு, எண்ண முடியல, 20க்கு மேல இருக்கும். யாருக்காவது வேணுமா?