டிராகன்ஸ் பேக்: அம்மாவின் முழங்காலுக்கு எந்த இறக்கம்?
வரும் ஞாயிறு ஹாங்காங்கின் டிராகன்ஸ் பேக் முகட்டுப் பாதையில் எட்டுப் பேர் நடக்கிறோம். தோ தெய் வானில் தொடங்கி பிக் வேவ் பே வரை, சுமார் 8.5 கி.மீ. முகட்டின் உச்சியான ஷெக் ஓ சிகரமே 284 மீட்டர்தான்.

சிக்கல் அம்மாவின் வலது முழங்கால். வயது 61. ஏறும்போது ஒன்றுமில்லை. அரை மணி நேரம் இறங்கினால் மூட்டின் வெளிப்பக்கம் சுள்ளென்று குத்துகிறது. பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாகக் கால் வைக்கிறார். மூன்று வாரமாக இப்படி. முழங்கால் உறை, ஊன்றுகோல், புது ஷூ எல்லாம் பார்த்தாயிற்று. மருத்துவர் நடக்கலாம், படிகளைக் குறையுங்கள் என்றார். அம்மாவை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

சிகரம் வரை போய்த் திரும்பி 9ஆம் எண் பேருந்தைப் பிடிக்கவும் தயார். நடந்தவர்கள் சொல்லுங்கள்: படி குறைவான இறக்கம் எது, பிக் வேவ் பே பக்கமா, வந்த வழியா?