அக்கிக்குக் காவி எழுதினால் மூன்றே நாளில் வற்றுமா?

பொருநைக்கரையான்: "அக்கிக்குக் காவி எழுதுவது வீண்வேலை, அது நரம்பில் பதுங்கிய சின்னம்மைக் கிருமி" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார். என் மாமனாருக்கு முதுகிலிருந்து விலா வரை பட்டையாகக் கொப்புளம். எங்கள் ஊர் வேளார் காவியைக் குழைத்து இறகால் எழுதினார். மூன்றாம் நாள் வற்றிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்?

மாத்திரைப்பெட்டி: அந்த மேதாவி நான்தான். எந்த நாளிலிருந்து மூன்றாம் நாள்?

பொருநைக்கரையான்: எழுதிய நாளிலிருந்து.

மாத்திரைப்பெட்டி: அதற்கு முன்?

பொருநைக்கரையான்: ஒரு வாரம் இருக்கும். சூட்டுக் கொப்புளம் என்று வெண்ணெய் தடவினோம்.

மாத்திரைப்பெட்டி: ஆக, அது பத்தாம் நாள்! அக்கி 7 முதல் 10 நாளில் தானாகவே பொருக்குத் தட்டும். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தட்டியிருக்கும். 35 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினால்தான் முழுப்பலன். அந்த மூன்று நாளை வெண்ணெயில் வழுக்கவிட்டு, இந்த மூன்று நாளுக்கு மாலை போடுகிறீர்கள்.

கொல்லைப்புறம்: மாத்திரை விற்ற வாய்க்கு மாத்திரைதான் இனிக்கும். சின்னம்மை ஒரு முறை வந்தால் உடம்பு அதை மறக்காது, மறுபடி அநேகமாக வராது என்று போன மாதம் எழுதியவர் இவர்தான். இப்போது அதே கிருமிதான் அக்கி என்கிறார். நாக்கா, தாயக்கட்டையா?

மாத்திரைப்பெட்டி: இரண்டும் உண்மை, ஐயா. அம்மை இறங்கினாலும் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பவை டி செல்கள் என்னும் உடம்பின் காவல் அணுக்கள். வயது 50 தாண்டினாலோ, சர்க்கரை நோய், புற்றுநோய் சிகிச்சை, நீண்டநாள் ஸ்டீராய்டு என்று ஏதாவது சேர்ந்தாலோ அந்தக் காவல் தளர்கிறது. அப்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு பக்கமாகவே பட்டை போடுவது அதனால்தான். உங்கள் மாமனாருக்குச் சர்க்கரை உண்டா?

பொருநைக்கரையான்: அவர் சர்க்கரையை இங்கே எதற்கு இழுக்கிறீர்? மூன்றாம் நாள் வற்றியதா இல்லையா?

வைகைவாசகி: அண்ணாச்சி, வற்றியது சரி. எரிச்சல் போனதா? என் அத்தைக்குப் பொருக்கு உதிர்ந்து ஐந்து மாதமாகியும் ரவிக்கை உரசினால் கண்ணீர் வருகிறது. இரவெல்லாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

பொருநைக்கரையான்: மாமனார் இன்னும் சட்டை போடுவதில்லை, துண்டுதான். அது வேறு விஷயம். பேச்சு மூன்றாம் நாளைப் பற்றி.

மாத்திரைப்பெட்டி: வேறு விஷயமா? அதுதான் விஷயமே! அந்த வலியைத் தடுக்கத்தான் 50 வயதுக்கு மேல் இரண்டு தவணைத் தடுப்பூசியே இருக்கிறது.

கொல்லைப்புறம்: வந்துவிட்டது பாருங்கள், ஊசி விளம்பரம். அதன் விலையையும் சொல்லுங்களேன். வேளார் வெற்றிலை பாக்கோடு சரி.

செங்காட்டான்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அக்கிக்குக் காவிக்கல்லை இழைத்துத்தான் எழுத வேண்டும். குழைத்தார் என்றால் அது செம்மண்.

பொருநைக்கரையான்: எங்கள் ஊர் வேளாருக்கு நீர் பாடம் எடுக்க வேண்டாம். அது காவிதான்.

செங்காட்டான்: கல்லா, மண்ணா?

மாத்திரைப்பெட்டி: கல்லோ மண்ணோ, பத்தாம் நாள்.

பொருநைக்கரையான்: மூன்றாம் நாள்.