கடல் இல்லாத ஊரில் கடலோரச் செடி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்
என்னுடையது சீ பக்தார்ன், ஐரோப்பாவில் கடலோரம் வளரும், முள்ளும் ஆரஞ்சுப் பழமும் உள்ள குளிர்நாட்டுப் புதர்ச்செடி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் நான் விதை போட்டு வந்த செடி, சில்வர் ஓக் நிழல் விழாத மேட்டில் இடுப்பு உயரம் நிற்கிறது. போன தை மாதம் பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், ராணுவத்தில் லடாக்கில் இருந்தவராம், வேலியோரம் நடந்து போனவர் சட்டென்று நின்றுவிட்டார். இலையைத் திருப்பி அடியில் இருந்த வெள்ளி நிறத்தைப் பார்த்தார், முள்ளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நுப்ராவுல ஆத்தோரமெல்லாம் இதுதானுங்க. பழம் பிடிச்சா குச்சியே தெரியாது, அத்தனையும் ஆரஞ்சு." அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜோடி எங்கீங்க?" என்றார். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கல்யாண வீட்டுக்குத் தனியாக வந்தவனை விசாரிப்பது போலக் கேட்டார் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பூக்காமல் இது ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது?

ஐந்து ரோடு மாடித்தோட்டம்
நாகலூர் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஜோடி கிடைத்தாலும் காய்க்காது என்றுதான் நினைக்கிறேன். லடாக்கில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும், அந்தக் குளிரில் இலை உதிர்ந்து தூங்கி எழுகிற செடி இது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், மார்கழியில் நமக்குப் பல் கிட்டித்தாலும் செடிக்கு அது குளிரே இல்லை. ஐரோப்பாவில் கடலோர மணல்மேட்டில் வளர்கிறதே என்று நம் ஊர்க் கடற்கரைச் செடிகளோடு இதைச் சேர்க்கிறோம், அங்கேயும் உறைபனி உண்டு. விதையை ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது முளைக்கத்தான், காய்ப்புக்கு அது உதவாது. தழைச்சத்து உரம் அதிகம் வேண்டாம், வேர் முடிச்சில் இருக்கும் ஃப்ராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். சவுக்கிலும் ஃப்ராங்கியாதானே என்று சவுக்கடி மண்ணை அள்ளிக்கொண்டு வராதீர்கள், ரகம் வேறு. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

என் கதை சின்னது. மாடியில் அடும்பு, அதாவது கடற்கரை மணலில் படர்கிற கொடி, வைத்திருக்கிறேன். நாகப்பட்டினத்துச் சித்தி வந்தபோது "மணல்ல மிதிபட்டுக் கிடக்குறதுக்குப் போய் தொட்டியா?" என்று சிரித்தார், அவ்வளவுதான்.

அம்மாப்பேட்டை அக்கா
ஐந்து ரோடு தம்பி, அனுபவம் கேட்டால் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்.

எங்களுடையது கிணற்றடித் தாழை. பாம்பு வரும், வெட்டு என்று வீட்டுக்கார அம்மா அரிவாளோடு வந்து நின்றார். அன்றைக்கென்று பார்த்து மடல் விரிந்திருந்தது, கிணற்றடியே மணக்கிறது. ஒன்றும் பேசாமல் அரிவாளைத் துவைக்கிற கல்லில் வைத்தார், முள் கிழிக்காமல் கையை உள்ளே விட்டு வெளிர்மஞ்சள் மடல் ஒன்றை உரித்தார், மடித்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். "அடுத்த வாரம் வெட்டிப்போடு கண்ணு." பூத்த போதெல்லாம் இதே அடுத்த வாரம்தான். தாழையிலும் ஆண், பெண் தனித்தனிதான், வாசனைக்காக நாம் வைத்துக்கொள்வது ஆண் பூவை. அதனால் நாகலூர் தம்பி, ஜோடிக் கவலை எங்களுக்கு இல்லை.

சூரமங்கலம்
புன்னைக் கன்று வாங்கப் போன இடத்தில், நர்சரிக்காரர் என் கண் முன்னாலேயே ஒரு கைப்பிடி கல் உப்பை எடுத்துத் தூரில் தூவினார். "கடல் செடிங்க, வாரம் ஒருக்கா போடுங்க, அப்பத்தான் ஊர் ஞாபகம் வரும்." எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. புன்னை உப்புக்காற்றைத் தாங்கும், அதற்காக உப்பைத் தின்றா வளர்கிறது? நம் போர் தண்ணீரில் இருக்கிற உப்பே போதாதா? அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். யாராவது உப்பு போட்டிருந்தால் மேல்மண்ணை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை நாலைந்து தடவை ஊற்றுங்கள், மழைத்தண்ணீர் என்றால் இன்னும் நல்லது.

ஐந்து ரோடு மாடித்தோட்டம்
சூரமங்கலம் மட்டும் வகுப்பு எடுக்கலாமா அக்கா? சரி போகட்டும். தாழையில் பக்கக்கன்று இருந்தால் எனக்கு ஒன்று எடுத்துவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாக்கும் கையுறையும் நானே கொண்டு வருகிறேன், வீட்டுக்கார அம்மா ஊரில் இல்லாத நேரமாகச் சொல்லுங்கள்.