சொல் தேவை: 'ஜம்ப் ஸ்கேர்' = வெருட்டு?

குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் 'டிராகுலா' நாடகம் பார்த்தேன். தமிழில், வெளியூர்க் குழு ஒன்று போட்டது. பேர் வேண்டாம். பாடுபட்டுத்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் வீடு திரும்பும்வரை மனசு ஆறவில்லை. பதினாறு வயதில் அந்த நாவலைப் படித்துவிட்டு, ராத்திரி புறவாசலுக்குப் போக ஒரு வாரம் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டவன் நான். நாடகம் முடிந்த அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் என் புகார்.

அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு சொல் இடித்தது. அரங்கில் சட்டென்று எல்லாம் அடங்கும்; அடுத்த நொடி ஸ்பீக்கர் அதிர, பளிச்சென்று ஒளி வெட்ட, முன்னால் ஒரு முகம் வந்து நிற்கும். நாம் இருக்கையில் துள்ளுவோம். இந்த உத்திக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறேன். 'திடீர் திகில்' என்று பத்திரிகைகளில் பார்க்கிறோம். அது சொல்லாகவும் இல்லை, சரியாகவும் இல்லை. இதில் திகில் எங்கே இருக்கிறது?

ஓர் இடத்தைச் சொன்னால் விளங்கும். நாவலின் இரண்டாம் அத்தியாயம். டிராகுலா பிரபுவின் கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ஜோனதன் ஹார்க்கர் ஜன்னலோரம் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது. பிரபு காலை வணக்கம் சொல்கிறார். ஹார்க்கர் திடுக்கிட்டதில் கத்தி லேசாகக் கீறிவிடுகிறது. அவ்வளவுதான் அதிர்ச்சி. அதற்குப் பிறகுதான் விஷயமே. பின்னால் உள்ள அறை முழுக்கக் கண்ணாடியில் தெரிகிறதே, இவர் வந்தது எப்படித் தெரியாமல் போனது என்று திரும்பவும் கண்ணாடியைப் பார்க்கிறான். ஆள் தோளருகே நிற்கிறார். கண்ணாடியில் இல்லை.

மேடையில் கை விழுந்ததும் ஒரு 'டமார்', விளக்கணைப்பு, திரை. கண்ணாடியை இரண்டாம் முறை பார்க்கும் இடமே இல்லை. இப்படி மொத்தம் ஏழு டமார். மூன்றாவதற்கு அப்புறம் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையன் கேட்டான்: "அடுத்த வேட்டு எப்பம்மா போடுவாவ?"

மேடை என்றால் வெட்டத்தான் வேண்டும் என்பது தெரியும். 1897-இல் வந்த நாவல் கடிதமும் நாட்குறிப்புமாக ஓடுவது. 1924-இல் நாடகக்காரர் ஹாமில்டன் டீன் அதை இங்கிலாந்தின் டெர்பி நகரில் மேடையேற்றியபோது கோட்டையையே விட்டுவிட்டு, கதையை லண்டனுக்குக் கொண்டுவந்தார். இன்று டிராகுலா என்றால் கண்ணில் வரும் அந்த நிமிர்ந்த காலர்கூட அந்த மேடை தந்ததுதான். நடிகர் முதுகைக் காட்டி நின்று, தலை தெரியாமல் அங்கியிலிருந்து நழுவி மறைவதற்கான ஏற்பாடு. அது நல்ல உத்தி. வந்தவனைக் காட்டிப் பயமுறுத்தாமல், இருந்தவனை இல்லாமல் ஆக்கியது.

சொல்லுக்கு வருகிறேன். 'துணுக்கு' என்று முதலில் நினைத்தேன், துணுக்குறுதலிலிருந்து. ஆனால் அதை வாரப் பத்திரிகைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. 'திடுக்கிடல்' பார்ப்பவருக்கு நேர்வது. நமக்கு வேண்டியது மேடை செய்வதன் பெயர். பிறவினை வேண்டும். உருள் – உருட்டு, சுருள் – சுருட்டு, மருள் – மருட்டு. அப்படியே வெருள் – வெருட்டு. "யானை வெரூஉம் புலிதாக் குறின்" என்ற குறள் வரியிலும் இந்தக் குடும்பம்தான். வெருட்டொலி, வெருட்டுக் காட்சி என்று கூட்டவும் வசதி. சொல்லுங்கள்.

— பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பி,

வெருட்டு பழைய சொல்தான், குற்றமில்லை. ஆனால் நம் பக்கத்தில் இன்று யார் வாயில் வருகிறது? மிரள் – மிரட்டு என்று எல்லார் வாயிலும் உள்ள சொல் இருக்க, அகராதியைத் தோண்டுவானேன்? இல்லையென்றால் அந்தப் பையன் சொன்னதையே எடுத்துக்கொள்ளலாம். 'அதிர்வேட்டு'. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் புரியும். நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொன்று. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு (பேயும் தெய்வமும்), விலங்கு, கள்வர், தம் இறை (ஆள்பவர்). உங்கள் பிரபு செத்தும் சாகாதவர், ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறுகிறவர், ரத்தம் திருடுகிறவர், போதாக்குறைக்குப் பிரபு. நான்கும் ஒரே ஆளிடம் இருந்தும் பயம் வரவில்லை என்றால், தப்பு வேட்டில் மட்டும் இல்லை.

— சேரன்மகாதேவியிலிருந்து

*

அண்ணாச்சி,

நான்கும் ஒரே ஆளிடம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை!

மிரட்டல் இப்போது காவல் நிலையத்துச் சொல்லாகிவிட்டது. கொலை மிரட்டல், தொலைபேசியில் மிரட்டல். 'மேடையில் ஏழு மிரட்டல்' என்று எழுதினால் வழக்குப் பதிந்தார்களா என்று கேட்பார்கள். அதிர்வேட்டு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒலி மட்டும். தோளில் சத்தமில்லாமல் விழும் கையை வேட்டு என்று சொல்ல முடியாதே.

தப்பு வேறு இடத்தில் என்றீர்கள். ஆமாம். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி சல்லடம் என்ற அரைக்கால் உடை கட்டி, தீப்பந்தமும் வல்லயம் என்ற ஈட்டியுமாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அதுவரை அடித்த மகுடப் பறை நின்றுவிடும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். சலங்கைச் சத்தம் தெருவைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டித் தேயும். அப்புறம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமே கேட்காத நேரத்தில்தான் ஆச்சி என் கையை இறுக்கிப் பிடிப்பாள். திரும்பி வரும் சலங்கையைவிட, அது இன்னும் வரவில்லையே என்பதுதான் பயம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். நாவல் முதலில் நம்மை அரள வைக்கிறது, பேயை நாமே பார்த்துக்கொள்கிறோம். இந்த நாடகம் அரளாதவனிடம் பேயைக் கொண்டுவந்து காட்டியது. அப்படிப் பார்த்தால் நமக்கு வேண்டியது இரண்டு சொல். மேடை செய்வது வெருட்டு. மெல்ல ஏறி உள்ளே தங்குவது அரட்சி. அரட்சியும் வழக்கில் இல்லை என்பீர்கள். மருட்சி, மிரட்சி தெரிந்தவனுக்கு அது புரியாமல் போகாது. 'அரட்டு' மட்டும் வேண்டாம், அரட்டையில் போய் முட்டும்.

— பாளையங்கோட்டை

*

தம்பி,

அரட்சிக்கு ஒத்துக்கொண்டேன், வெருட்டுக்கு அரை மனசு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தை மாதம் ஒரு பேய்க்கதையை மேடையேற்றுகிறார்கள். எழுத்துப்படியில் இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன். ஒத்திகையில் ஒருத்தராவது 'வெருட்டுன்னா என்ன சார்?' என்று கேட்டால் அதிர்வேட்டுக்கு மாறிவிடுவேன்.

— சேரன்மகாதேவி